இலக்கத்தகட்டு விளக்கும் சமூகப் பொறுப்பும்: வன்னிப் பெருநிலத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மோட்டார் வாகனமொன்றிலுள்ள விளக்குகளை அவற்றின் பயன்பாடு கருதி வகுத்து நோக்குமிடத்து, இலக்கத்தகட்டு விளக்கு ஏனையவற்றினின்றும் வேறுபட்ட ஓரியல்பு உடையதாயிருத்தலைக் காணலாம். முகப்பு விளக்கு சாரதிக்கு வழியைக் காட்டுவது. உள்விளக்கு பயணிக்கு உதவுவது. பின்விளக்கும் தடுப்பு விளக்கும் பிறரை எச்சரிப்பனவாயினும், மோதலைத் தவிர்க்கும் வகையால் வாகனத்தில் உள்ளோரையும் காப்பன. இலக்கத்தகட்டுக்கு ஒளியூட்டும் சிறு விளக்கோ சாரதிக்கு நேரடியாக எவ்விதத்திலும் பயன்படுவதில்லை. வண்டி ஓடும்போது அஃது அவன் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. அவ்வாகனம் எது, யார் பெயரிற் பதியப்பட்டது என்பதை இருளிலும் மற்றையோர் அறிதல் வேண்டும் என்ற ஒரே நோக்குடன் பொருத்தப்பட்ட விளக்கு அது. தனியார் உடைமையொன்றைச் சமூகத்துக்குப் பதில் சொல்ல வைக்கும் சாதனங்களுள் ஒன்றாக அதனைக் கொள்வது தவறாகாது.

அண்மைக் காலத்தில் வன்னிப் பெருநிலத்தின் வாகனத் திருத்தகங்களில் இவ்விளக்கின் பழைய இழைக்குமிழ் அகற்றப்பட்டு, எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி பொருத்தப்படுவது வழக்கமாகி வருகின்றது. சிறிய செயல்தான், சில நிமிடங்களில் முடிந்துவிடுவது. எனினும் எதற்காக அதனைச் செய்கின்றோம் என்ற தெளிவின்றிச் செய்யுமிடத்து, விளக்கு பிரகாசிக்கும், இலக்கம் மறைந்துவிடும். இம்மாற்றத்தின் தொழில்நுட்ப அடிப்படையையும் முறையையும் விளக்குவதும், வன்னியின் வரலாற்று அனுபவத்தில் அதற்குரிய பொருளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கத்தகட்டின் தோற்றம்

இலக்கத்தகடு வாகனத்துடன் உடன்பிறந்த ஒன்றன்று. 1893ஆம் ஆண்டிற் பாரிசு நகரப் பொலிசார் மோட்டார் வண்டிகளுக்கு அடையாளத் தகட்டைக் கட்டாயமாக்கினர். பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் 1904 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபோது அங்கும் இலக்கம் பதிதல் கட்டாயமாயிற்று. மோட்டார் வண்டி அக்காலத்திற் செல்வரின் உடைமை. கிராமத்து வீதியில் நடந்து செல்வோரையும் கால்நடைகளையும் மோதிவிட்டு, இன்னாரென்று அறியப்படாமல் விரைந்து மறைந்துவிட அது வாய்ப்பளித்தது. குதிரை வண்டிக்காரன் ஊரறிந்தவன். மோட்டார்க்காரனோ ஊர்பேர் அறியப்படாதவன். இம்முரண்பாட்டிலிருந்து பிறந்ததே இலக்கத்தகடு. இரவில் அதன் எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி விளக்கேற்றி வைத்தல் வேண்டும் என்ற விதியும் அதனுடனேயே தோன்றிற்று.

ஆயின் அடையாளம் என்பது இருமுனை உடையது. வலியோனை எளியோனுக்கு அடையாளம் காட்டும் அதே தகடு, அரசுக்கு மக்களை அடையாளம் காட்டும் கருவியாகவும் தொழிற்படுகின்றது. இவ்விரு பணிகளுள் எது மேலோங்குகின்றது என்பது அவ்வச் சமூகத்தின் அதிகார உறவுகளைப் பொறுத்தது.

இலங்கையில் இத்தகடு அரசியற் போராட்டக் களமாகவே அமைந்தமை நாம் அறிந்ததே. முன்னைய தகடுகளில் நாட்டின் ஆங்கிலப் பெயரிலிருந்து பெறப்பட்ட ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற இரட்டை எழுத்துகள் இடம்பெற்றன. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தின் பின்னர் அவற்றுக்குப் பதிலாகச் சிங்கள ‘சிறீ’ எழுத்துப் புகுத்தப்பட்டது. 1958 சனவரியில் தேசியமயமாக்கப்பட்ட பஸ் சேவை, அவ்வெழுத்துப் பொறித்த பஸ்வண்டிகளை வடக்குக்கு அனுப்பியபோது, தார் பூசி அதனை அழிக்கும் இயக்கம் தமிழ்ப் பகுதிகளிற் பரவிற்று. தெற்கிலோ தமிழ் எழுத்துப் பலகைகள் மீது தார் பூசப்பட்டது. மலையகத்திற் பொகவந்தலாவையில் இக்கிளர்ச்சி தொடர்பாக நிகழ்ந்த பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் உயிரிழந்தனர். 1958 ஏப்ரல் 9ஆந் திகதி பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் இனக்கலவரம் வெடித்தது.

பின்னாளிற் ‘சிறீ’ எழுத்து நீங்கி எண்கள் மட்டுமே கொண்ட தொடர்கள் வந்தன. 2000ஆம் ஆண்டளவில் ஆங்கில எழுத்துத் தொடர்கள் மீண்டன. நாட்டின் இரு தேசிய மொழிகளுக்கிடையே தீர்க்கப்படாத முரண்பாடு, குடியேற்ற ஆட்சியாளரின் எழுத்தைப் பொதுவெழுத்தாக ஏற்பதன் மூலம் ஒத்திவைக்கப்பட்டது எனலாம். தகடு வெறும் உலோகத் துண்டன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2. வன்னியில் ஒளியும் இருளும்

1990 யூனில் மீண்டும் தொடங்கிய யுத்தத்துடன் வன்னியின் பெரும்பகுதி தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே தள்ளப்பட்டது. பொருளாதாரத் தடையின் கீழ்ப் பெற்றோல், டீசல், பற்றறி முதலியன தடுக்கப்பட்டன, மண்ணெண்ணெய் கட்டுப்படுத்தப்பட்டது. இந்நெருக்கடிக்கு மக்கள் கண்ட விடைகள் தொழில்நுட்ப வரலாற்றிற் பதியப்பட வேண்டியவை. ஜாம் போத்தலினுள் சிறிது பஞ்சிட்டு, சில துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கின் கீழ் ஒரு தலைமுறை படித்தது. துவிச்சக்கர வண்டியின் தைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்கப்பட்டது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய பிரித்தானிய வண்டிகள், சில துளி பெற்றோலாற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் இயந்திரங்களது அமுக்க விகிதம் குறைவாயிருந்தமையே இதனைச் சாத்தியமாக்கிற்று. வெளியுலகிற் காட்சிப் பொருளாகிவிட்ட வண்டிகள் இங்கு உழைக்கும் வண்டிகளாக நீடித்தன.

இக்காலத்தில் வாகன விளக்குக்கு நேர்மாறான ஒரு பொருளும் ஏற்பட்டது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி, விளக்கை மறைத்தோ முற்றாக அணைத்தோ இரவிற் பயணஞ் செய்தல் வழக்கமாயிற்று. ஒளி பாதுகாப்பைத் தருவது என்ற பொதுவிதி இங்கே தலைகீழானது.

2002 பெப்ரவரியிற் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர், ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டது. ஓமந்தையிலும் முகமாலையிலும் வாகனங்கள் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டன. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதம் யுத்தம் முள்ளிவாய்க்காலில் முடிவுற்றபோது, எரிந்தும் நொறுங்கியும் குவிந்து கிடந்த வாகனங்களிற் பலவற்றுக்கு எஞ்சிய அடையாளம் இலக்கத்தகடு ஒன்றேயாயிற்று.

இதற்கு மறுதலையான அனுபவமும் உண்டு. இலக்கத்தகடற்ற அல்லது போலி இலக்கம் பூண்ட வெள்ளை வான்களில் மனிதர் கடத்திச் செல்லப்பட்டமை மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் விரிவாகப் பதிவாகியுள்ளது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி தொடங்கிய தொடர் போராட்டமும், வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதனையொட்டி எழுந்த போராட்டங்களும் ஒரே கேள்வியையே முன்வைத்தன: யார் கொண்டுபோனார்கள்? பல வேளைகளில் அக்கேள்விக்கு விடை தந்திருக்கக்கூடியது இருளில் வாசிக்கப்படாத ஓர் இலக்கம். சோதனைச் சாவடியில் மக்களின் இலக்கம் வாசிக்கப்பட்டது. மக்கள் வாசிக்க வேண்டியிருந்த இலக்கமோ மறைக்கப்பட்டது. அடையாளத்தின் இருமுனைத் தன்மை வன்னியில் வெளிப்பட்ட வகை இதுவே.

3. இழைக்குமிழும் ஒளிகாலும் இருவாயியும்

பெரும்பாலான கார்களில் இலக்கத்தகட்டுக்கு 12 வோல்ற்று, 5 உவாற்றுக் குமிழ்கள் ஒன்றோ இரண்டோ உள்ளன. தங்குதன் இழையில் மின் பாய, அது வெண்சூடாகி ஒளிர்கின்றது. உட்செல்லும் சக்தியின் மிகப் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகின்றது. ஏறத்தாழ 50 இலூமென் ஒளியே கிடைக்கின்றது. அவ்வெப்பம் விளக்குக் கூட்டின் பிளாத்திக்கு மூடியைக் காலப்போக்கில் மஞ்சளாக்கி வெடிக்கச் செய்யும். குமிழின் ஆயுள் இயல்பாகவே சில நூறு மணித்தியாலங்கள். சூடேறிய இழை அதிர்வைத் தாங்காதாகையால், குன்றும் குழியுமான கிரவல் வீதிகளில் அவ்வாயுள் மேலும் குறுகும். குளத்துக் கட்டு வழியாகவும் வயலோரப் பாதைகளிலும் ஓடும் வண்டிகளில் இக்குமிழ் அடிக்கடி அறுந்துபோவதன் காரணம் இதுவே.

ஒளிகாலும் இருவாயியில் இழை இல்லை. இருவகைக் குறைகடத்திகள் சந்திக்கும் இடத்தில் இலத்திரன்கள் துளைகளுடன் சேரும்போது வெளிப்படும் சக்தியே ஒளியாகின்றது. 1962ஆம் ஆண்டில் நிக் ஹொலொனியாக் கண்ணுக்குத் தெரியும் செவ்வொளி இருவாயியை உருவாக்கினார். நீல ஒளி மட்டும் நெடுங்காலம் கைகூடவில்லை. கலியம் நைத்திரைட்டைக் கொண்டு அதனைச் சாதித்த அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய யப்பானில் பிறந்த மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று நாம் காணும் வெள்ளொளி இருவாயிகளிற் பெரும்பாலானவை, நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் ஒளிர்பொருளாற் பூசப்பட்டவை. எஞ்சிய நீலமும் தோன்றிய மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகின்றன.

இதன் பயனைக் கணக்கிட்டு நோக்குவோம். இரு இழைக்குமிழ்கள் 10 உவாற்றைக் கொள்வன. 12 வோல்ற்றில் ஏறத்தாழ 0.83 அம்பியர் மின்னோட்டம். அவற்றை அணைக்க மறந்து பத்து மணித்தியாலம் விட்டால், 45 அம்பியர்-மணிப் பற்றறியில் ஐந்திலொரு பங்களவு இவ்விரு குமிழ்களாலேயே தீர்ந்துவிடும். தலா அரை உவாற்று இருவாயிகளாயின் அதே நேரத்தில் ஓர் அம்பியர்-மணியும் செலவாகாது. எனினும் இதனை மிகைப்படுத்தல் ஆகாது. ஓடும் வண்டியில் இரு முகப்புக் குமிழ்கள் மட்டும் 110 உவாற்றளவு கொள்ள, இங்கே மீதமாவது 9 உவாற்றே. இதனால் எரிபொருள் மிச்சமாகும் என்பது வணிக விளம்பரமன்றி வேறன்று. மெய்யான பயன்கள் மூன்று: நீண்ட ஆயுள், அதிர்வைத் தாங்கும் திறன், வெப்பக் குறைவு.

4. மாற்றும் முறை

முதலிற் குமிழின் வகையை அறிதல் வேண்டும். பொதுவாக இரண்டு வகைகள் உள. ஒன்று, கண்ணாடி அடி தட்டையாக ஆப்புப்போல் அமைந்து நேரே செருகப்படுவது. மற்றையது, இருமுனையிலும் உலோகத் தொப்பி கொண்ட குழாய் வடிவானது; இதன் நீளம் 31, 36, 39 மில்லிமீற்றர் எனப் பலவாகையால் பழையதை அளந்தே புதியதை வாங்குதல் நன்று. லொறிகளிலும் பஸ்வண்டிகளிலும் 24 வோல்ற்று மின்சுற்று உளதாகையால், அவற்றுக்கு அவ்வோல்ற்றளவுக்கென ஆக்கப்பட்ட இருவாயியே பொருந்தும். 12 வோல்ற்றுக்குரியதை அவற்றிற் பொருத்தின் அது கருகிவிடும்.

விளக்கை அணைத்து, சிறிது நேரம் ஆறவிட்டு, கூட்டின் திருகாணிகளையோ கொளுவியையோ கழற்றுக. குமிழை எடுத்தபின் தொடுகைத் தகடுகளைப் பார்த்தல் வேண்டும். பச்சை படர்ந்த செப்புத் தகட்டை மென்மையான அரத்தாளாற் சுரண்டித் துடைத்தல் அவசியம். இழைக்குமிழின் வெப்பம் கூட்டினுள் ஈரத்தை ஓரளவு உலர்த்தி வந்தது. இருவாயி அவ்வாறு செய்யாது. ஆதலால் இறப்பர் வளையம் நைந்திருப்பின் மாற்றுவதும், மூடியிற் படிந்த செம்புழுதியைக் கழுவுவதும் முன்னரினும் இன்றியமையாதன ஆகின்றன.

இருவாயி ஒரு திசையிலேயே மின்னைக் கடத்தும். செருகியபின் ஒளிராவிட்டால், பழுதென்று எறியாமல் முனைகளைத் திருப்பிச் செருகிப் பார்த்தல் வேண்டும். பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றிற் பற்றறியின் நேர்முனை உடற்சட்டத்துடன் இணைக்கப்பட்டிருப்பதால், அவற்றில் இவ்வாறு திருப்ப நேருவது இயல்பே. சில ஐரோப்பிய வண்டிகளில் மின்னோட்டம் குறைந்ததைக் கண்டு, குமிழ் அறுந்துவிட்டதென வண்டியின் கணினி எச்சரிக்கும். அவ்வாறான வண்டிகளுக்குத் தடையி இணைந்த இருவாயிகள் விற்பனையில் உள.

அடுத்துக் கவனிக்க வேண்டியது திசை. இழைக்குமிழ் எல்லாத் திசைகளிலும் ஒளியைப் பரப்பும். கூடும் அதற்கேற்பவே அமைக்கப்பட்டது. இருவாயியின் ஒளி முன்னோக்கியே பாயும். ஒளிர்முகம் தகட்டை நோக்கி அமையாவிடின், மூடி பளிச்சிடும், தகடு இருண்டிருக்கும். பின்னால் வருவோரின் கண்ணில் நேரே படும்படி ஒளி வெளிவருதல் கூடாது. இவ்விளக்கு தன்னைக் காட்டுவதற்கு அன்று, எழுத்தைக் காட்டுவதற்கே உள்ளது.

முடிவாகச் சோதனை. 1968ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்துச் சமவாயம், தெளிந்த இரவில் நிறுத்திய வண்டியின் பின்னிலக்கம் 20 மீற்றர் தூரத்தில் வாசிக்கத்தக்கதாயிருத்தல் வேண்டும் எனக் கூறுகின்றது. முகப்பை ஒரு சுவருக்கு நேரே வைத்து, இருபத்தைந்து எட்டு பின்னோக்கி நடந்து நின்று, இன்னொருவரை வாசிக்கச் சொல்வதே போதுமானது. வண்டியின் இலக்கத்தை மனத்திற் கொண்டவர் வாசித்தல் சோதனையாகாது.

5. நீல ஒளியின் பொய்

சந்தையிற் குவிந்திருக்கும் இருவாயிகளிற் பல நீலச்சாயல் கொண்டவை. சில முற்றிலும் நீலமானவை. புதுமைத் தோற்றத்துக்காக அவை விரும்பப்படுகின்றன. இங்கே பௌதிகவியல் ஓர் எளிய உண்மையைச் சொல்கின்றது. இலங்கையில் வழக்கிலுள்ள பின் இலக்கத்தகடு மஞ்சட் பின்னணியிற் கறுப்பெழுத்துடையது. மஞ்சட் பரப்பு மஞ்சளாகத் தோன்றுவதற்குக் காரணம், அது நீலத்தை உறிஞ்சி ஏனையவற்றைத் தெறிக்கச் செய்வதே. அதன்மேல் நீல ஒளியை மட்டும் பாய்ச்சினால் தெறிப்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. பின்னணி எழுத்தைப் போலவே கருமையடைகின்றது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேற்றுமை மங்குகின்றது. விளக்கு எரிகின்றது, இலக்கம் அழிகின்றது. 1958இல் தார் செய்த வேலையை இங்கே ஒளியே செய்துவிடுகின்றது. ஆயின், தார் பூசியோர் ஓர் அநீதிக்கு எதிராகப் பூசினர். இது எவ்வித நோக்கமுமற்ற அழிப்பு.

எனவே நீலச்சாயலற்ற, 4000 கெல்வின் அளவிலான இயல்பு வெள்ளொளியே இதற்குத் தக்கது. அளவுக்கு மிஞ்சிய பிரகாசமும் வேண்டற்பாலதன்று. தகடு ஒளியைத் தெறிக்கும் தாளாலானதாகையால், நெருங்கிய இடத்திலிருந்து மிகைந்த ஒளி பாய்ந்தால் ஓரெழுத்து கூசும், மறுவெழுத்து இருளும். பழைய குமிழ் தந்த 50 இலூமென் அளவு போதியது.

ஒரு பொருளின் பயன்பெறுமதிக்கும் சந்தை அதற்கு ஏற்றும் கவர்ச்சிக்கும் உள்ள முரண்பாட்டுக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும். பிறருக்காக வைக்கப்பட்ட விளக்கு, உடைமையாளனின் அலங்காரமாக மாற்றப்படுகின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே அது மீளத் திறக்கப்பட்டது. இவ்விடைக்காலத்திற் பழைய வண்டிகளைப் புதுப்பித்தல் தேவையாகவும் வியாபாரமாகவும் வளர்ந்தது இயல்பே. 2022 யூலையில் எரிபொருள் நெருக்கடி உச்சமடைந்தபோது இலக்கத்தகட்டின் இறுதி இலக்கமே யாருக்கு எந்நாளில் எரிபொருள் என்பதைத் தீர்மானித்தது. தடைக்காலத்து வன்னி நெடுங்காலம் அறிந்திருந்த பங்கீட்டை முழுநாடும் அப்பொழுது அறிந்தது.

6. இன்றைய தேவை

இன்று வன்னியின் இரவு வீதிகளில் இவ்விளக்கு யாருக்குத் தேவை? இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களின் கீழ் அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் இரவிலும் ஓடுகின்றன. இயந்திரத்தில் விளக்கு இருப்பினும் பின்னே இழுக்கப்படும் பெட்டியில் ஒளியும் இலக்கமும் இல்லாவிடின், துவிச்சக்கர வண்டியில் வரும் தொழிலாளி அதனை மோதிய பின்னரே காண்கின்றான். மணல் ஏற்றிச் செல்லும் டிப்பரின் பின்னிலக்கம் சேற்றாலோ இருளாலோ மறைந்திருப்பின், தம் ஆற்றங்கரை கரைவதைக் காணும் ஊரவர் முறையிடுவதற்கு எதுவுமற்றவராகின்றனர். மோதிவிட்டு நில்லாமற் சென்ற வண்டியின் இலக்கத்தை வாசிக்க முடியாத குடும்பம் நட்டஈட்டுக்கும் வழியற்றுப் போகின்றது. இவர்களுள் எவரும் அவ்வாகனங்களின் உடைமையாளர் அல்லர். விளக்கை மாற்றும் முடிவோ முழுமையாக உடைமையாளர் கையிலேயே உள்ளது.

இதனாலேயே இதனைத் தனிமனிதரின் விருப்புக்கு விட்டுவிடல் போதாது. 2025 சனவரியிற் பொலிசார் வாகனங்களின் மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் அகற்றும் நடவடிக்கையில் இறங்கினர். மிகையான ஒளியை அகற்றுவதில் காட்டும் கண்டிப்பு, இல்லாத ஒளியை ஏற்றுவிப்பதிலும் காட்டப்படுதல் வேண்டும். அரச வாகனமும் படையினரின் வாகனமும் அவ்விதிக்கு விலக்காதல் கூடாது. கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் உழவு இயந்திரப் பெட்டிகளுக்கு எளிய இருவாயி விளக்குகளைப் பொருத்துவதைத் தம் பணிகளுள் ஒன்றாக ஏற்கலாம். அதற்கு வேண்டிய தொழிற்றிறன் வன்னியில் உண்டு. பற்றறியும் பெற்றோலும் இல்லாத காலத்தில் வண்டியையும் வானொலியையும் இயக்கிய மக்களுக்கு இரண்டு கம்பிகளை இணைத்தல் அரிய காரியமன்று.

தொழில்நுட்பம் தானாகச் சமூகப் பயனைத் தந்துவிடுவதில்லை. அதனை எந்நோக்குடன் யார் பயன்படுத்துகின்றனர் என்பதே பயனைத் தீர்மானிக்கின்றது. தெருவில் நிற்கும் எளிய மனிதர் ஒருவர், தம்மைக் கடந்து செல்லும் எந்த வாகனத்தின் இலக்கத்தையும் இருளில் வாசிக்கத்தக்க நிலை ஏற்படுமாயின், அம்மாற்றம் பயனுடையது. அதுவன்றி வேறு அளவுகோல் இதற்கு இல்லை.